டயர் மூடியின் மூன்று நிறங்கள்

சில வாரங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் இரண்டாம் பாடவேளையில்தான் வகுப்புக்குள் நுழைந்தான். கையெல்லாம் கரி. காரணம் கேட்டேன்.

"பின் டயர்ல காத்தே இல்ல சார். ராத்திரி பாத்தப்ப மூடி பச்சையாதான் இருந்துச்சு. காலையில பாத்தா சிவப்பு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய மூடியை எடுத்து நீட்டினான். டயரில் காற்றடிக்கும் வால்வின் மேல் திருகும் மூடிதான். ஆனால் அதன் தலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். காற்று சரியாக இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், மிகவும் குறைந்தால் சிவப்பு. இணையக் கடையில் நான்கு மூடிகள் கொண்ட பொட்டலம் வாங்கி, இரண்டைத் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கும், இரண்டைத் தன் அப்பாவின் வண்டிக்கும் போட்டிருந்தான். அப்பா பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலையில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்.

பட்டறைக்காரர் டியூப்பைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறார். ஓட்டை எதுவும் இல்லை. காற்றடித்து, பழைய கறுப்பு மூடியைத் திருகி அனுப்பினார். அடுத்த வாரம் வரை காற்று இறங்கவே இல்லை. அப்படியானால் அன்றிரவு காற்று எங்கே போனது? அந்தக் கேள்விக்கு வகுப்பில் நாங்கள் தேடிய விடைதான் இந்தக் கட்டுரை.

நிறம் மாறுவது எப்படி?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். லிட்மஸ் தாள் நிறம் மாறுவதுபோல இங்கு எந்த வேதியியல் மாற்றமும் நடப்பதில்லை. மூடிக்குள் நிறப் பட்டைகள் கொண்ட நகரும் பகுதி ஒன்று உள்ளது. டயரின் காற்று அதை ஒரு பக்கத்திலிருந்து தள்ளுகிறது. ஒரு சுருள்வில் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. காற்றழுத்தம் போதுமானதாக இருந்தால் காற்று வெல்லும், பச்சை தெரியும். அழுத்தம் குறையக் குறைய சுருள்வில் வெல்லும்; மஞ்சளும் பிறகு சிவப்பும் தெரியும். பல மூடிகளில் அழுத்தம் சுமார் 10 விழுக்காடு குறைந்ததும் மஞ்சளும், 20 முதல் 25 விழுக்காடு குறைந்ததும் சிவப்பும் தோன்றும்.

யோசனை நல்ல யோசனைதான். காற்று குறைவது கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆணி குத்தாவிட்டாலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். கார்களுக்கு இதைக் கவனிக்கச் சட்டமே உண்டு. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தைவிட 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அந்த விதிகள் பொருந்துவதில்லை. நான்கு சக்கர வண்டிக்கு விளக்கு உண்டு. இரண்டே சக்கரத்தில் போகிறவருக்கு இல்லை. இந்த இடைவெளியில்தான் நிற மூடி விற்பனைக்கு வருகிறது.

உள்கதவைத் திறந்து வைத்த வீடு

இப்போது காற்று போன கதைக்கு வருவோம். நம் டயர்களில் உள்ளது ஷ்ரேடர் வால்வு. நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியரான ஆகஸ்ட் ஷ்ரேடரின் பெயர் தாங்கியது. 1893-இல் காப்புரிமை பெற்றது. கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் இன்றும் அதே அமைப்புதான். அதன் நடுவில் ஒரு சிறு ஊசி நிற்கும். ஊசியை அழுத்தினால் வழி திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே அதை மேலும் இறுக்கமாக மூடி வைக்கிறது. காற்றை அடைத்து வைப்பது இந்த ஊசி வால்வுதான். சாதாரண மூடி தூசும் நீரும் உள்ளே போகாமல் தடுக்கிறது. கூடுதல் காவலாகவும் நிற்கிறது.

நிற மூடியோ டயரின் அழுத்தத்தை அறிய வேண்டுமானால், டயரின் காற்று அதற்குள் வந்தாக வேண்டும். ஆகவே மூடியைத் திருகியதும் அதன் உட்பகுதி ஊசியை அழுத்துகிறது. அழுத்தியபடியே இரவும் பகலும் இருக்கிறது. அதாவது, ஷ்ரேடர் வால்வு எப்போதும் திறந்தே கிடக்கிறது. காற்றைத் தடுத்து நிறுத்துவது மூடிக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் மட்டுமே.

வீட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே உள்ள இரும்புக் கிரில்லின் பூட்டை மட்டும் நம்பித் தூங்குவதைப் போன்றது இது. பூட்டு நல்லதாக இருக்கும்வரை கவலை இல்லை.

மாணவனின் மூடியை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தோம். ரப்பர் வளையத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு. காலையில் அது சிவப்பைக் காட்டியது பொய் இல்லை. காற்று போய்விட்டதை மிகச் சரியாகவே அது அறிவித்தது. அந்தக் காற்றை வெளியே விட்டதும் அதே மூடிதான்!

கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் மின்னணு மூடிகளும் உண்டு. வால்வின் மேல் திருகும் வகையாக இருந்தால், அவையும் இப்படித்தான் ஊசியை அழுத்தி வைக்கின்றன.

எந்த எண்ணுக்குப் பச்சை?

அடுத்த சிக்கல் எண். ஒவ்வொரு நிற மூடியும் ஒரே ஓர் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பொட்டலத்தில் 2.2 பார் அல்லது 32 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். நம் எண்ணெய் நிலையத்துக் காற்று இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டுகிறது. மூன்றும் ஒன்றுதான்: 2.2 பார், 220 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 32 பிஎஸ்ஐ.

இந்த மூடிகளில் பெரும்பாலானவை கார்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சிறிய மோட்டார் சைக்கிளுக்கு முன் டயரில் 200, பின் டயரில் 225 கிலோபாஸ்கல் என்பதுபோல இரு வேறு எண்கள் இருக்கும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின் டயருக்கு 280 வரைகூடச் சொல்லப்படும். உங்கள் வண்டிக்குரிய எண்ணை அதன் கையேட்டிலோ சங்கிலி உறையின்மேல் ஒட்டிய தாளிலோ பாருங்கள். காருக்கான 36 பிஎஸ்ஐ மூடியை முன் டயரில் போட்டால், காற்று சரியாக இருக்கும்போதே மஞ்சள் காட்டும். அதைப் பச்சையாக்க நீங்கள் மேலும் மேலும் அடிப்பீர்கள். காற்று அளவுக்கு மீறினால் அதைச் சொல்ல மூடியில் நிறமே கிடையாது. 32-க்கான மூடி 45-இலும் பச்சைதான்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். பின் சக்கரத்தின்மேல் 100 கிலோ பாரம் என்றால் விசை ஏறத்தாழ 1000 நியூட்டன். அழுத்தம் 225 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர் எனக் கிடைக்கும். ஒரு ரிங்கிட் நோட்டில் பாதியைவிடச் சற்றே அதிகம். மழையில் நனைந்த சாலையில் நம் உயிர் அந்தப் பரப்பை நம்பித்தான் ஓடுகிறது. காற்று குறைந்தால் பரப்பு கூடுமே, நல்லதுதானே என்று ஒரு மாணவி கேட்டாள். பரப்பு கூடும். ஆனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், சூடேறும், வளைவில் வண்டி தளும்பும்.

வெயிலும் வேகமும்

மூன்றாவது விஷயம் வெப்பம். மூடிய கலனில் உள்ள வாயுவின் வெப்பம் கூடினால் அழுத்தமும் கூடும். காலை 27 பாகை செல்சியஸில் முன் டயரில் 26 பிஎஸ்ஐ இருப்பதாகக் கொள்வோம். நண்பகல் வெயிலில் ஓடி, உள்ளிருக்கும் காற்று 45 பாகையை எட்டினால் அதே டயர் 28-க்கு மேல் காட்டும். ஒரு துளிக் காற்றும் புதிதாக ஏறவில்லை. ஆனால் 29-க்கான மூடி விடியலில் மஞ்சளாக இருந்து, நண்பகலில் பச்சையாகிவிடும். ஆகவே வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்த நிறமே நம்பத்தக்கது.

நான்காவது, எடை. நிற மூடி 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 17 அங்குலச் சக்கரம் சுழலும்போது, வால்வு இருக்கும் இடத்தில் உண்டாகும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அப்போது அந்த 5 கிராம் மூடி, அரைக் கிலோ எடைபோல் வால்வின் தண்டை இழுக்கும். டியூப் டயரின் உலோகத் தண்டு இதைத் தாங்கும். டியூப் இல்லாத டயர்களில் உள்ள ரப்பர்த் தண்டு அசைந்து அசைந்து, நாளடைவில் அடிப்பகுதியில் வெடிக்கக்கூடும்.

அப்படியானால் மூடி வேண்டாமா?

நினைவூட்டும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அளக்கும் கருவியாகக் கொள்ள வேண்டாம். பயன்படுத்துவோர் இவற்றைச் செய்யுங்கள்.

உங்கள் டயருக்குரிய எண் கொண்ட மூடியையே வாங்குங்கள். அந்த எண் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

திருகியபின் சோப்புத் தண்ணீரை மூடியின் அடியிலும் தலையிலும் தடவுங்கள். குமிழி வந்தால் அந்த மூடி குப்பைக்கு.

மாதம் ஒரு முறை கழற்றி ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பித்தளை வால்வில் அலுமினிய மூடி என்றால் இன்னும் கவனம் தேவை. கடற்காற்றின் உப்பில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றவே முடியாது.

நீண்ட பயணத்துக்கு முன் சாதாரண மூடியை மாட்டுங்கள். எப்போதும் இரண்டை இருக்கைக்கு அடியில் வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேனா அளவுள்ள ஓர் அழுத்தமானி வாங்கி, வாரம் ஒரு முறை காலையில் அளந்து பாருங்கள். ஊசி வால்வைச் சில நொடி மட்டும் திறந்து, எண்ணைச் சொல்லிவிட்டு, மறுபடியும் மூடவிடும் கருவி அது.

பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். இருட்டில், லாரிகளுக்கு நடுவே, அங்கே டயரில் காற்று இறங்கினால் ஒதுங்கப் பட்டறை கிடையாது. அன்று பள்ளி முடிந்ததும் மாணவன் முதலில் செய்தது, அப்பாவின் வண்டியிலிருந்த இரண்டு மூடிகளையும் கழற்றியது. மறுநாள் வந்து, "வளையம் நல்லாதான் இருந்துச்சு சார், இருந்தாலும் கழட்டிட்டேன்" என்றான். இப்போது ஞாயிறு காலைதோறும் அப்பாவின் டயரை அழுத்தமானியால் அளந்து, எண்ணை நாள்காட்டியில் எழுதி வைக்கிறானாம்.