வீட்டுக் கணினி தூரத்திலிருந்து திறக்கவில்லையா? பக்கத்திலிருந்து சோதித்துப் பாருங்கள்

வாரத்தில் ஐந்து நாட்கள் நான் வீட்டில் இல்லை. இடமாற்றம் கிடைத்த பாடசாலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்களுடன் வாடகை அறையில் தங்கியிருக்கிறேன். இத்தனை வருடமாகச் சேர்த்த வினாத்தாள்களும், தரம் 11 மாணவர்களின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளும் வீட்டு மேசைக் கணினியில் கிடக்கின்றன. “எல்லாவற்றையும் கூகுள் ட்ரைவில் போடலாமே” என்று நண்பர்கள் கேட்பார்கள். போடலாம்தான். ஆனால் மற்றவர் பிள்ளைகளின் புள்ளிகள் என் கையில் இருக்கும் அமானிதம். அவை என் வீட்டுக் கணினியிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது நான் அங்கே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

என்னுடையது விண்டோஸ் ஹோம் பதிப்பு. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் மூலம் அதற்குள் நுழைய முடியாது. அந்த வசதி புரோ பதிப்பில்தான் உண்டு. ஆனால் விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல் ‘ஓப்பன் எஸ்எஸ்எச் சேர்வர்’ என்ற இலவசக் கூறை ஹோம் பதிப்பிலும் சேர்க்கலாம். செட்டிங்ஸில் ‘ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தேடினால் கிடைக்கும். எஸ்எஸ்எச் முறையை 1995 இல் உருவாக்கியவர் பின்லாந்தின் டாட்டு இலோனென். அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதே அதற்குக் காரணம். அதனால்தான் இதில் போகும் வரும் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டிருக்கும்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. புள்ளிப் பட்டியலை அதிபரிடம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு இணைக்கப் பார்த்தால், நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்று வந்து நின்றது. மகளுக்கு அழைப்பெடுத்தேன்.

“வாப்பா, பின்னேரம் கரண்ட் போய் வந்தது. நான்தான் திரும்பப் போட்டேன். கம்பியூட்டர் ஓன்லதான் கிடக்கு, நெட்டும் வேலை செய்யுது.”

இணையத்தில் தேடியபோது முதலில் வந்த ஆலோசனை, தீச்சுவரை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்பது. மகளிடம் அதைச் சொல்ல வாய் எடுத்தேன். நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினால் பிறகு திரும்பப் போட மறந்துவிடுவோம் என்பது எனக்கு என்னைப் பற்றித் தெரிந்த விடயம்.

அறையில் இருந்துகொண்டு நான் ரவுட்டரையும் தீச்சுவரையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாக் கோளாறும் ஒரே மாதிரிதான் தெரியும். குறிப்பாக விண்டோஸில் ஒரு சிக்கல் உண்டு. கேட்கும் சேவை இயங்காவிட்டால், ‘இங்கே யாரும் இல்லை’ என்று கணினி பதில் அனுப்ப வேண்டும். ஆனால் விண்டோஸ் தீச்சுவர், திருடனுக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்று அந்தப் பதிலையும் அடக்கிவிடும். ஆகவே சேவை நின்றிருந்தாலும் மௌனம், தீச்சுவர் தடுத்தாலும் மௌனம், கணினி தூங்கினாலும் மௌனம்.

அதனால் கணினிக்கு முன்னால் இருப்பவரைக் கொண்டு அதே கணினியிலிருந்து அதற்குள்ளேயே இணைக்கச் சொல்ல வேண்டும். “மகள், கறுப்புத் திரையைத் திறந்து நான் சொல்ற மாதிரி டைப் பண்ணுங்க. எஸ்எஸ்எச், ஒரு இடைவெளி, லோக்கல்ஹோஸ்ட்.” உடனே அவள் வாசித்தாள்: ‘கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட்’. மறுக்கப்பட்டது என்பது கெட்ட செய்தி போலத் தெரியும். எனக்கு அது பெரிய ஆறுதல். ரவுட்டருக்கும் தீச்சுவருக்கும் போகவே தேவையில்லை. உள்ளே சேவையே இயங்கவில்லை.

காரணம் மின்தடைதான். இந்தச் சேவையை நிறுவும்போது அதன் தொடக்க முறை ‘மெனுவல்’ என்றே இருக்கும். நான் அன்று கையால் தொடங்கிவிட்டு அதோடு விட்டிருந்தேன். கணினி அணைந்து மீண்டும் எழும்பியபோது சேவை எழும்பவில்லை. ‘சேர்விசஸ்’ பட்டியலில் ஓப்பன் எஸ்எஸ்எச் சேர்வரைத் தேடி, ‘ஓட்டோமெட்டிக்’ என மாற்றி, ‘ஸ்டார்ட்’ அழுத்தினாள். ஐந்து நிமிட வேலை.

உள்ளேயிருந்து இணைப்புக் கிடைத்தால் அடுத்தது அதே வைஃபையிலுள்ள இன்னொரு கருவி. அங்கே மட்டும் தவறினால்தான் தீச்சுவரைப் பார்க்க வேண்டும். வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தால் ‘பிரைவேட்’ என மாற்றுங்கள். வெளியிலிருந்து மட்டும் தவறினால் அது இணைய இணைப்பின் கதை. 4ஜி ரவுட்டர் வைத்திருப்போர் பலருக்குத் தனியான பொது முகவரியே கிடையாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், போர்ட் திறந்து பயனில்லை. நான் இரண்டு கணினிகளிலும் டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன். விண்டோஸில் அதன் ‘அன்அட்டென்டட்’ தெரிவையும் போடுங்கள். இல்லையேல் யாராவது கணினியில் உள்நுழையும் வரை அது இணையாது.

அன்றிரவு இன்னொரு தடையும் இருந்தது. சேவை எழும்பியதும் இணைத்தேன். ‘பெர்மிஷன் டினைட்’ என்றது. கதவு வரை வந்துவிட்டேன், சாவிதான் பிழை. முந்திய வாரம் மகள் கணினிக்கு நான்கு இலக்கப் பின் இலக்கம் வைத்திருந்தாள். அந்த இலக்கம் அந்தக் கணினியின் முன்னால் மட்டும்தான் செல்லும். தூரத்திலிருந்து வருபவரிடம் விண்டோஸ் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே கேட்கும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்புப் பாவிப்போருக்கு ஒரு குறிப்பு: உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்கென்றால், சாவியை உங்கள் சொந்தக் கோப்புறையில் வைத்தால் விண்டோஸ் திரும்பியும் பார்க்காது. ‘புரோகிராம் டேட்டா’வுக்குள் உள்ள எஸ்எஸ்எச் கோப்புறையில், நிர்வாகிகளுக்கென்று உள்ள தனிக் கோப்பில்தான் அதை எழுத வேண்டும். இதற்கு எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது.

பொது முகவரி உள்ளவர்கள் போர்ட் 22 ஐ உலகத்துக்குத் திறந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். இலகுவான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையத்தில் அலைகின்றன. பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் அவற்றுக்குப் பெரிய வேலையில்லை.

புள்ளிப் பட்டியல் அன்றிரவே கைக்கு வந்தது. கரண்ட் வந்ததும் கணினி தானாகவே எழும்பும்படி பயோஸில் ஒரு தெரிவு உண்டு. அதைத் தொலைபேசியில் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் துணிவில்லை. தவணை விடுமுறைக்கு வீடு போகும்வரை, கரண்ட் போய் வந்தால் பட்டனை அழுத்துவது அவளுடைய பொறுப்பு.