16-வது நிமிடக் கைதட்டல்

2012 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் கால்பந்து மைதானத்தில் செல்ஸியும் மான்செஸ்டர் சிட்டியும் மோதுகின்றன. செல்ஸியின் புதிய பயிற்சியாளர் ரஃபா பெனிட்டெஸ் உள்ளே வருகிறார். கேலரியிலிருந்து ‘ஊ’ என்று கூச்சல் கிளம்புகிறது. கூச்சலிடுவது சிட்டி ரசிகர்கள் அல்ல. அவருடைய சொந்த அணியின் ரசிகர்கள். ‘ரஃபாவே வெளியேறு’ என்று எழுதிய அட்டைகளைத் தயாராக எடுத்து வந்திருக்கிறார்கள். அந்த மனிதர் அதுவரை செல்ஸிக்காக ஓர் ஆட்டத்தைக்கூட நடத்தவில்லை.

ஆட்டத்தின் 16-வது நிமிடத்தில் யாரும் கோல் அடிக்கவில்லை. ஆனாலும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல், நான்கு நாட்களுக்கு முன் வேலையை இழந்த ராபர்டோ டி மாட்டியோவுக்கு. செல்ஸிக்காக ஆடிய காலத்தில் அவருடைய சட்டை எண் 16. அன்றைய ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. ஆனால் 16-வது நிமிடக் கைதட்டல் அன்றோடு முடியவில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களிலும் தொடர்ந்தது.

டி மாட்டியோ அவர்களுக்கு வெறும் பயிற்சியாளர் இல்லை. 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் நிமிடம் முடிவதற்குள் கோல் அடித்தவர். 2012 மார்ச்சில் ஆண்ட்ரே வில்லாஸ்-போவாஸ் நீக்கப்பட்டபோது தற்காலிகமாகப் பொறுப்பேற்று, மே மாதத்துக்குள் எஃப்.ஏ. கோப்பையையும், மியூனிக்கில் பயர்ன் அணியை அதன் சொந்த மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக்கையும் வாங்கிக் கொடுத்தவர். செல்ஸியின் வரலாற்றில் அதுவே முதல் சாம்பியன்ஸ் லீக். ஆறே மாதத்தில், யுவென்டஸிடம் 3-0 என்று தோற்ற மறுநாளே, அவரைக் கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதே நாளில் பெனிட்டெஸின் நியமனமும் வந்தது. துக்கம் விசாரிக்கக்கூட அவகாசம் தரவில்லை.

வந்தவரோ பழைய பகையாளி. 2004 முதல் 2010 வரை லிவர்பூலின் பயிற்சியாளர். 2005-லும் 2007-லும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்ஸியை வெளியேற்றியவர். இதையெல்லாம்கூட மன்னித்திருக்கலாம். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் ரசிகர்களுக்குக் கொடி வினியோகித்ததைக் கேலி செய்து, எங்கள் ரசிகர்களுக்குக் கொடி கொடுக்கத் தேவையில்லை என்ற பொருளில் அவர் பேசியதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. கோப்பையைப் பறித்தவனைக்கூட மறக்கலாம், கேலி பேசியவனை மறக்க முடியாது என்பது எல்லா ஊர் ரசிகர்களுக்கும் பொதுவான குணம்தானே.

இருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. டி மாட்டியோவை வீட்டுக்கு அனுப்பியது பெனிட்டெஸ் அல்ல. ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் 2003-ல் செல்ஸியை வாங்கினார். அவருடைய ஒன்பது ஆண்டுகளில் பெனிட்டெஸ் ஒன்பதாவது பயிற்சியாளர். வருபவர் யாராக இருந்தாலும் நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்பதே அங்கே நடைமுறை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கூச்சல் மொத்தமும் விழுந்தது சம்பளத்துக்கு வந்த ஆளின் தலையில். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மூரில் கேட்பார்கள். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் எய்தவருக்குத் தனி மரியாதை இருந்தது, காரணம் அவர் கொட்டிய பணம். 2022 மார்ச்சில் பர்ன்லியில் நடந்த ஆட்டத்துக்கு முன், உக்ரைனுக்கு ஆதரவாக இரு அணி ரசிகர்களும் கைதட்டும் நேரத்தில்கூடச் செல்ஸி ரசிகர்களில் ஒரு பகுதியினர் அப்ரமோவிச்சின் பெயரைத்தான் கோஷமிட்டார்கள். அது அதற்கான நேரமல்ல என்று அன்றைய பயிற்சியாளர் தாமஸ் டூஹெல் வெளிப்படையாகக் கண்டித்தார்.

புதிய பயிற்சியாளர் வரும் நாளில் ரசிகர்கள் காட்டும் கோபமோ குதூகலமோ வந்தவரைப் பற்றியது அல்ல. போனவரை எப்படி அனுப்பினார்கள் என்பதைப் பற்றியது. இதற்குச் செல்ஸியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 2015 டிசம்பரில் ஜோஸே மொரினியோ நீக்கப்பட்டார். ரசிகர்களின் செல்லப்பிள்ளை அவர். அதே ஆண்டு மே மாதம்தான் லீக் பட்டம் வென்று தந்திருந்தார். இரண்டு நாள் கழித்து சண்டர்லேண்டுடன் ஆட்டம். அடுத்துப் பொறுப்பேற்கவிருந்த குஸ் ஹிடிங்க், அப்ரமோவிச்சுக்குப் பக்கத்தில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஏசவில்லை. 2009-ல் தற்காலிகமாக வந்து எஃப்.ஏ. கோப்பை வென்று கொடுத்துவிட்டுப் போன மனிதர், பகை ஒன்றும் கிடையாது. ஆனால் கோபம் எங்காவது இறங்கியாக வேண்டுமே! ஆட்டக்காரர்கள் மேல் இறங்கியது. ஃபாப்ரகாஸும் கோஸ்டாவும் சொந்த மைதானத்திலேயே கூச்சலை வாங்கிக்கொண்டார்கள். மொரினியோவின் முதுகில் குத்தியவர்கள் என்று, அவர்களோடு ஹசார்டையும் சேர்த்து ‘மூன்று எலிகள்’ என எழுதிய அட்டை ஒன்று கேலரியில் நின்றது. செல்ஸி 3-1 என்று வென்ற ஆட்டம் அது!

அப்ரமோவிச் முதன்முதலில் நீக்கிய கிளாடியோ ரனியெரியின் கதையும் இந்த வகைதான். 2015 ஜூலையில் லெஸ்டர் சிட்டி அவரை நியமித்தபோது, அந்த ஊர்க்காரரும் முன்னாள் இங்கிலாந்து வீரருமான கேரி லினேகர், ‘ரனியெரியா? நிஜமாகவா?’ என்கிற தொனியில் ட்விட்டரில் எழுதினார். ஊரே அப்படித்தான் கேட்டது. கிரீஸ் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, குட்டித் தீவுக்கூட்டமான ஃபாரோவிடம் சொந்த மண்ணில் தோற்று, வேலை இழந்து வந்தவர். அதைவிட முக்கியம், அவருக்கு முன்பிருந்த நைஜல் பியர்சன், கிறிஸ்துமஸில் கடைசி இடத்தில் கிடந்த அணியைக் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று கரை சேர்த்தவர். ரனியெரி என்ன செய்தார் என்பது உலகம் அறிந்தது: 2016 மே மாதம் லீக் பட்டம். ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், அவரையும் நீக்கினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு லெஸ்டர் ரசிகர்கள் ரனியெரி முகமூடி அணிந்து வந்தார்கள். ‘நிஜமாகவா’ என்று கேட்ட அதே ஊர்தான்.

ரசிகர்களே இல்லாவிட்டால்? அதற்கும் செல்ஸியிடம் பதில் உண்டு. 2021 ஜனவரியில், 211 கோல்களோடு அணியின் வரலாற்றில் முதலிடத்தில் இருக்கும் ஃபிராங்க் லம்பார்டைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கிவிட்டு டூஹெலை அழைத்து வந்தார்கள். கொரோனா காலம், கேலரி காலி. முந்தைய நாள் ஆட்டத்துக்காகத்தான் ரசிகர்கள் லம்பார்ட் மீது நம்பிக்கை தெரிவித்துப் பெரிய பேனர் ஒன்றை மைதானத்தில் கட்ட வைத்திருந்தார்கள். டூஹெலின் முதல் ஆட்டமும் கோலின்றி முடிந்தது. கூச்சலிட ஆளில்லை. நான்கே மாதத்தில் போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. காலி நாற்காலிகள் அவருக்குச் செய்த உதவியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டூஹெலும் 2022 செப்டம்பரில் போனார், அப்ரமோவிச்சுக்குப் பின் வந்த புதிய உரிமையாளர்களின் கையால். பிரைட்டனிலிருந்து வந்த கிரஹாம் பாட்டர் அடுத்த ஜனவரியில் சிட்டியிடம் 4-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, செல்ஸி ரசிகர்கள் டூஹெலின் பெயரையும் அப்ரமோவிச்சின் பெயரையும் சேர்த்துப் பாடினார்கள். டூஹெலையும் முன்பு லம்பார்டின் இடத்தைப் பிடித்தவராகவே பார்த்தவர்கள் அவர்கள். பாட்டரும் நீக்கப்பட, 2023 ஏப்ரலில் லம்பார்டே தற்காலிகமாகத் திரும்பி வந்தார். ரசிகர்கள் தேடினாலும் அவரைவிடப் பிரியமான ஆள் கிடைக்காது. 11 ஆட்டங்கள், ஒரே ஒரு வெற்றி.

பெனிட்டெஸ் கதையை முடித்துவிடலாம். 2013 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோவை வென்ற இரவு அவர் பொறுமை இழந்தார். தன் பதவிக்கு ‘தற்காலிக’ என்று ஒட்டுப் போட்டதே தவறு என்றார், கூச்சலிடும் ரசிகர்கள் அணிக்கு உதவவில்லை என்றார். நியாயமான பேச்சுதான்; அதன் பிறகும் கூச்சல் நிற்கவில்லை. மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் பென்ஃபிகாவுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் இவானோவிச் தலையால் முட்டிய கோலில் யூரோப்பா லீக் கிடைத்தது. இங்கிலாந்து லீக்கில் மூன்றாம் இடமும் வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். மொரினியோ திரும்பி வந்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

ரசிகன் கூச்சலிடவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. டிக்கெட் வாங்குகிறான், சட்டை வாங்குகிறான், மழையில் நனைகிறான். பயிற்சியாளரை மாற்றும்போது மட்டும் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆகவே கத்துங்கள். ஆனால் உங்கள் அணி அடுத்த ஆளை அறிவிக்கும் நாளில், ஓரக்கோட்டில் நிற்கும் அந்தப் புதியவரை விட்டுவிடுங்கள். சற்றுத் தலையை நிமிர்த்தி, மேல்மாடியில் உரிமையாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துக் கத்துங்கள்.