தீவுக்குப் போகும் கேமராவும் ஒரு பாட்டில் ஆத்துத் தண்ணியும்



அடுத்த மாதம் நம் பள்ளிச் சுற்றுலா ராமேஸ்வரம் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ராமேஸ்வரம் ஒரு தீவு என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டால் சுத்தியும் கடல்தான். தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்த நமக்கு உப்புக்காத்து புதுசு. நம்மைவிட கேமராவுக்கு ரொம்பப் புதுசு! அதனால் கேமரா கொண்டு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிங்க. போன் கொண்டு வருகிறவர்களும்தான்.

போன வருஷம் வீட்டில் எல்லோரும் அங்கே போனோம். சித்தப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் கேமராவை வாங்கிட்டுப் போனேன். அவர் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர். அதுதான் அவர் பிழைப்பு. ஏசி வேனிலிருந்து பாம்பன் பாலத்தில் இறங்கி கேமராவைத் தூக்கினால், எல்லாம் ஒரே புகை! கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க லென்ஸ் மறுபடி மூடிக்கிட்டே இருந்தது. ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியே வேர்க்குமே, அதே கதைதான். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காத்து பட்டதும் அதிலுள்ள நீராவி நீராகிவிடுகிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள் கேமராவை வைத்து மூடி, அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டால், வேர்வை கவர் மேலேயே நின்றுவிடும். (நம் சுற்றுலா பஸ்ஸில் ஏசி கிடையாது. தப்பிச்சோம்!)

அதைவிடப் பெரிய தப்பு அரிச்சல்முனையில் செய்தேன். அடிக்கிற காத்தில், பையை மணலில் வைத்துத் திறந்து, லென்ஸை மாற்றினேன். ஊருக்கு வந்து ஜூமைத் திருப்பினால் கறுக் கறுக்குன்னு சத்தம். சித்தப்பா திட்டவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு சடங்கு வீட்டுக்கு அவர் வாடகைக்கு லென்ஸ் எடுத்துட்டுப் போனார். நாலு அடி அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அதனால் ஒரே லென்ஸ் போதும். அதை வீட்டிலேயே மாட்டிட்டு வாங்க. முன்னால் ஒரு சாதா ஃபில்டர் மாட்டினால், கீறல் விழுந்தாலும் அதோடு போகும்.

உப்பு கடலில் மட்டும் இல்லை, காத்திலும் இருக்கு. அலை உடையும்போது பறக்கிற துளிகள் காய்ந்தால் உப்பு மிஞ்சும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். கேமராவில் படிந்தாலும் அப்படித்தான், துரு பிடிக்க வழி செய்யும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணலும் உப்பும் சேர்ந்து கீறிவிடும். இதற்குத்தான் ஒரு சின்ன பாட்டில் நம்ம ஊர்த் தண்ணி! பழைய வேட்டித் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, வெளிப்பக்கத்தை மட்டும் ஒற்றி எடுக்கணும். பிறகு காய்ந்த துணி. லென்ஸ் கண்ணாடிக்கு முதலில் ரப்பர் பல்பால் காத்தடிக்கணும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாதீங்க, ஜிப் கவருக்குள் போடுங்க. சிலர் அரிசியில் புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம், அரிசித் தவிடு உள்ளே போகும்.

மற்றதெல்லாம் தெரிந்ததுதான்: தொப்பி, இன்னொரு பேட்டரி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, கட்டுச்சோறு. சோத்துப் பையும் கேமராப் பையும் வேற வேறயா இருக்கட்டும். புளியோதரை எண்ணெய் உப்பைவிட மோசம்!

என்ன எடுக்கலாம்? பாம்பனில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் முன்பு கப்பலுக்காக இரண்டாகப் பிளந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயம் இருக்கு. மத்தியானம் அங்கே மணலும் வானமும் ஒரே வெள்ளை. படம் தேறாது. காலையில் போவதாகத் திட்டம், நல்லது. பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீங்க, அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இந்தத் தடவையும் சித்தப்பாகிட்ட கேமரா கேட்டிருக்கேன். "மொதல்ல பையைக் கட்டிக் கொண்டாந்து காட்டு, பொறவு பாப்போம்"னு சொல்லியிருக்காவ.

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி