இணையச் சந்தைக் கட்டணமும் விலை குறித்தலும்

பதுளைத் தோட்டங்களின் தேயிலை பெரும்பாலும் 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்திலே தரகர் மூலம் விலையாகின்றது. அவ்வேலமும் 2020 ஏப்பிரல் முதல் இணைய வழியே நடைபெறுகின்றது. இன்று மிளகையும் பொதிசெய்த தேயிலையையும் இணையச் சந்தையில் தாமே விற்போரும் உளர். அன்னார் கட்டணம் கணிக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

கட்டணம் இலாபத்தின்மீதன்று, விற்பனை விலையின்மீதே அறவிடப்படும். உதாரணமாக, தரகு நூற்றுக்கு 10, பணம் பெற்றுத்தரும் கூலி நூற்றுக்கு 2 எனக் கொள்வோம். 1000 ரூபாவுக்கு விற்ற மிளகுப் பொதிக்குக் கட்டணம் 120 ரூபா. செலவு 800 ரூபாவாயின் மிஞ்சுவது 80 ரூபாவே. வரவேண்டிய இலாபம் 200 ரூபாவில் பாதிக்கு மேல் கட்டணமாய்ப் போயிற்று.

கையில் 900 ரூபா வேண்டுமாயின், அதனுடன் நூற்றுக்கு 12 கூட்டி 1008 எனக் குறித்தல் தவறு. அதில் 121 ரூபா கழிய 887 ரூபாவே கிடைக்கும். 900ஐ 88ஆல் வகுத்து 100ஆல் பெருக்குக. வரும் 1023 ரூபாவே சரியான விலை.

கட்டண வீதம் சந்தைக்குச் சந்தை, பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆகவே பொருளைப் பதியுமுன் வீதத்தைக் கேட்டறிந்து, அனுப்புகூலியையும் திரும்பிவரும் பொதிகளின் நட்டத்தையும் செலவிற் சேர்த்துக் கணக்கெழுதிய பின்னரே விலை குறிக்க.