கேமரா பாதி தண்ணியில, பாதி வெளிய

ஸ்கூபா டைவிங் போகும்போது கேமராவையும் எடுத்துட்டுப் போகணும்னு ஆசைப்படுறவங்களுக்கான எபிசோடு இது. நான் பேசுறது அடி அண்ணாமலையில இருந்து. கிரிவலப் பாதையில இருக்கிற ஊர், கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா டைவிங் கத்துக்கொடுக்கிற புதுச்சேரி இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான்.

கிணத்துல குளிச்சவங்களுக்கு முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். தண்ணிக்குள்ள இருக்கிற படி பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும், காலை வெச்சா இன்னும் கீழ இருக்கும். ஒளி தண்ணியிலிருந்து காத்துக்கு வரும்போது வளையுறதுதான் காரணம். டைவிங் மாஸ்க் வழியா பாத்தாலும் இதே கதைதான். 4 அடி தள்ளி இருக்கிற மீன் 3 அடியில இருக்கிற மாதிரி, மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும்.

ரெண்டாவது பாடம் நிறம். தண்ணி முதல்ல விழுங்குறது சிவப்பு ஒளியை. 5 மீட்டர் ஆழத்துலயே சிவப்பு மங்கிடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். அதனாலதான் போன்ல எடுத்த படமெல்லாம் நீலமா வருது. எடிட்டிங்ல சரி பண்ணலாமேன்னு கேப்பீங்க. கொஞ்ச தூரம் முடியும். ஆனா சென்சாருக்கே வந்து சேராத சிவப்பை எந்த சாஃப்ட்வேரும் மீட்டு எடுக்க முடியாது. டேட்டாபேஸ்ல பதிவே ஆகாத ரெக்கார்டை எந்த க்வெரி போட்டுத் தேடுவீங்க?

ஃப்ளாஷ் அடிச்சாலும், அந்த ஒளி விலங்கு வரைக்கும் போய்த் திரும்பி வரணும். ஒண்ணு ரெண்டு மீட்டர் தாண்டினா அதுவும் பலமிழந்துடும். நடுவுல மிதக்குற தூசியெல்லாம் பனி பெய்யுற மாதிரி படத்துல விழும். ஃப்ளாஷை லென்ஸை விட்டு ரெண்டு பக்கமும் தள்ளி வெச்சா இது குறையும். கடைசியில எல்லாம் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது: கேமராவுக்கும் விலங்குக்கும் நடுவுல தண்ணி குறைவா இருக்கணும். அதாவது, கிட்டப் போகணும்.

மேல வானம், கீழ பவளப்பாறைன்னு ஒரே ஃப்ரேம்ல பாதிப் பாதியா வர்ற படத்துக்கும் இதே விதிதான். அதுக்கு வைட் லென்ஸ் வேணும், முன்னாடி அரைக்கோளக் கண்ணாடி, அதாவது டோம் போர்ட், வேணும். மேல பாதி தூரத்துலயும் கீழ பாதி ரொம்பக் கிட்டயும் ஃபோகஸ் கேட்கும். அதனால அப்பெர்ச்சரை எஃப் 11 பக்கமா சுருக்கணும். வெயில் உச்சிக்கு வர்ற நேரம் கீழயும் வெளிச்சம் இறங்கும். டோமை ஒரு தடவை முழுசா முக்கி எடுத்து, துளிகள் நிக்கிறதுக்குள்ள க்ளிக் பண்ணணும்.

இங்கதான் ஒரு சிக்கல். ஆமை, டால்பின், கடல்பசு எல்லாம் நுரையீரலால மூச்சு விடுற உயிர்கள். நாம படத்துக்குத் தேடுற அந்த நீர்க்கோடுதான் அதுங்க மூச்சு வாங்க வர்ற வாசல். நமக்கு ஆசையான ஷாட் கிடைக்கிற நொடியும், அதுக்குக் காத்து தேவைப்படுற நொடியும் ஒண்ணு. மேல வர்ற ஆமைக்கு நேரா ஒருத்தர் கேமராவோட நின்னா அது மறுபடியும் கீழ போயிடும். துரத்தினா ஆக்சிஜன் இன்னும் வேகமாத் தீரும். பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக்கள் காப்பகமா 2022-ல தமிழ்நாடு அரசு அறிவிச்சது. அப்படிக் காப்பாத்த வேண்டிய அளவுக்கு அரிதான ஒரு விலங்கோட மூச்சுக்கு நடுவுல ஒரு படத்துக்காக நிக்கலாமா?

அப்போ கிட்டவும் போகணும், தொந்தரவும் பண்ணக்கூடாதுன்னா எப்படி? பக்கவாட்டுல நின்னு காத்திருங்க. விலங்குக்கும் மேற்பரப்புக்கும் நடுவுல மட்டும் போகாதீங்க. அது தானா கிட்ட வந்தா எடுங்க, வரலைன்னா விடுங்க.

பொறுமையா எடுத்த படத்துக்கு லைக்கைத் தாண்டியும் மதிப்பு இருக்கு. டால்பினை முதுகுத் துடுப்பு வெச்சு அடையாளம் காணலாம், அது தண்ணிக்கு மேல எடுக்கிற படம். ஆமையை முகத்தோட பக்கவாட்டுச் செதில்களை வெச்சு, திமிங்கலச் சுறாவை உடம்புப் புள்ளிகளை வெச்சு அடையாளம் காணலாம், அது கீழ எடுக்கிற படம். நட்சத்திரப் படங்களை ஒப்பிட எட்வர்ட் கிராத் 1986-ல வெளியிட்ட ஒரு அல்காரிதம் இருக்கு. மூணு மூணு புள்ளியா முக்கோணம் போட்டு ஒப்பிடும். அதையே திமிங்கலச் சுறாவோட புள்ளிகளுக்கு மாத்தி எழுதி 2005-ல வெளியிட்டாங்க. அதுல ஒருத்தர் ஜேசன் ஹோம்பெர்க்னு ஒரு ப்ரோக்ராமர். இன்னைக்கு ஷார்க்புக் தளத்துல சாதாரண டைவர்களும் படம் ஏத்தலாம். இந்தியாவுல 2001-லேயே சட்டப் பாதுகாப்பு கிடைச்ச மீன் அது. உங்க படம், அந்தச் சுறா எங்க போச்சு, இன்னும் உயிரோட இருக்கான்னு சொல்ற பதிவாகலாம்.

கடைசியா ஒண்ணு. முதல் சில டைவ்ல கேமரா வேண்டாம். ஏறாம இறங்காம ஒரே மட்டத்துல மிதக்கக் கத்துக்கிற வரைக்கும் உங்க கால் துடுப்பு பவளத்தை உடைக்கும். ஒரு நொடியில உடையுறது திரும்ப வளர வருஷக்கணக்காகும். மூச்சை அடக்காம சீரா விடுங்க, மிதப்பு தானா கைக்கு வரும். அதுக்கப்புறம் கேமராவை எடுங்க.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.