கேட்கத் தெரிந்த காதுக்கு 30 மதிப்பெண்

பள்ளிக்கூடத்தின் இசை அறை. கதவில் 'ஒலிப்பதிவு நடக்கிறது' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உள்ளே பியானோவுக்கு முன்னால் ஒரு மாணவி. ஓரமாக ஆசிரியர், மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி. அவர் தலையசைத்ததும் அவள் வாசிக்கத் தொடங்குகிறாள். குறைந்தது எட்டு நிமிடம் வாசிக்க வேண்டும். ஒரு பாட்டாகவும் இருக்கலாம், மூன்று நான்காகவும் இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே அமர்வில் முடிய வேண்டும். இடையில் விரல் பிசகினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டக்கூடாது. அந்தப் பதிவு அவள் முகத்தையே பார்த்திராத ஒரு தேர்வாளருக்குப் போகும். அவர் கையில் சுரத்தாளை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு மதிப்பெண் போடுவார்.

இங்கிலாந்தில் நம்முடைய பிளஸ் டூவுக்குச் சமமான ஏ லெவலில் இசையைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளில் பலர், தேர்வு ஆண்டின் வசந்த காலத்தில் இப்படித்தான் முதல் பெரிய சோதனையைச் சந்திக்கிறார்கள். வேதியியலில் விடை சரி, தவறு என்று சொல்லிவிடலாம். ஷோபானின் ஒரு நாக்டர்ன் பியானோ இசைக்கு எப்படி மார்க் போடுவது? ஒரு நாடு உட்கார்ந்து யோசித்து இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டமைப்பை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போதுள்ள பாடத்திட்டம் 2016 செப்டம்பரில் வகுப்பறைக்கு வந்தது, முதல் தேர்வு 2018-ல் நடந்தது. எடெக்செல், ஏக்யூஏ, ஓசிஆர், எடியூகாஸ் என்று தேர்வு வாரியங்கள் பல. ஆனால் ஆஃப்குவால் என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு வகுத்த எல்லைக்குள்தான் எல்லாரும் நடக்க வேண்டும். வாசிப்பது, இயற்றுவது, கேட்டு மதிப்பிடுவது என்று தேர்வில் மூன்று பகுதிகள். கேட்டு மதிப்பிடுவதற்கு 40 சதவீதம் என்பது எல்லா வாரியத்துக்கும் பொது. மீதி அறுபதை மற்ற இரண்டுக்கும் 25-லிருந்து 35 வரை பகிர்ந்துகொள்ளலாம். எடெக்செல் முப்பது, முப்பது என்று பிரித்தது. ஏக்யூஏ வாசிப்புக்கு 35, இயற்றுவதற்கு 25 என்று வைத்தது. ஏக்யூஏவில் வாசிக்க வேண்டிய நேரமும் அதிகம், பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம்.

வாசிப்பில் தேர்வாளர் என்னென்ன பார்க்கிறார்? கருவி கைக்குள் நிற்கிறதா, ஒலி சுத்தமாக இருக்கிறதா, சுரமும் காலப்பிரமாணமும் தவறாமல் ஓடுகிறதா, அந்த இசையின் பாணியை உணர்ந்து பாவத்தோடு வாசிக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு, ஒவ்வொரு படிக்கும் நாலு வரி விளக்கம் உண்டு. ஒரு தப்புக்கு ஒரு மார்க் என்று கழிக்கும் வேலை கிடையாது. முழுதும் கேட்டுவிட்டு எந்த விளக்கம் இந்த வாசிப்புக்குப் பொருந்துகிறது என்று தேடுவதுதான் முறை.

இதற்குமேல் ஒரு சிக்கல் இருக்கிறது. எளிய பாட்டைப் பிசகில்லாமல் வாசித்தவருக்கும், கடினமான பாட்டை நாலு இடத்தில் தடுக்கி வாசித்தவருக்கும் எப்படிச் சமநீதி வழங்குவது? அதற்காகக் கடினத்துக்கென்று ஓர் அளவுகோல் வைத்தார்கள். எடெக்செல்லில், வெளியில் நடக்கும் இசைத் தேர்வுகளின் ஏழாவது கிரேடு என்பது இயல்பான நிலை. எட்டாவது கிரேடும் அதற்கு மேலும் என்றால் வாங்கிய மதிப்பெண் ஒரு பட்டியலின்படி ஏறும், ஏழுக்குக் கீழே என்றால் ஏற்றம் கிடைக்காது. இந்த 'கிரேடு' என்ற ஏணி ஏ லெவலைவிடப் பழையது. லண்டன் டிரினிட்டி கல்லூரி 1877-லேயே வெளியாருக்கு இசைத் தேர்வு நடத்தத் தொடங்கிவிட்டது, ஏபிஆர்எஸ்எம் என்ற மற்றோர் இசைத் தேர்வு வாரியம் 1889-ல் பிறந்தது. இளையராஜா கிட்டார் தேர்வெழுதித் தங்கப் பதக்கம் வாங்கியது அந்த டிரினிட்டியில்தான் என்பதால் நமக்கும் இந்த ஏணி அந்நியமில்லை.

கடினத்துக்கு இடம் கொடுத்தது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் அடியிலேயே ஓர் அநியாயம் உட்கார்ந்திருக்கிறது. ஏழாவது கிரேடை எட்ட ஒரு பிள்ளைக்கு ஏழெட்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஏ லெவல் வகுப்போ இரண்டே ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் எந்தப் பள்ளியாலும் வயலினை ஒன்றாம் கிரேடிலிருந்து ஏழுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண், வகுப்பறைக்கு வெளியே வாரந்தோறும் காசு கொடுத்துக் கற்ற தனிப்பாடத்துக்குப் போகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆறு வயதிலேயே இந்தத் தேர்வுக்குத் தயாராகத் தொடங்கிவிடுகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பதினாறு வயதில் ஆசைப்பட்டு வந்தாலும் கதவு பாதி சாத்தியிருக்கும். இங்கிலாந்தில் ஏ லெவல் இசை எடுப்பவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக அங்குள்ள இசை ஆசிரியர்களே சொல்கிறார்கள். வேறு எந்தப் பாடத்திலும் டியூஷன் இவ்வளவு கட்டாயமில்லை.

இந்தத் தேர்வை லண்டன் தமிழ்ப் பிள்ளைகள் நம் இசையைக் கொண்டும் எழுதலாம். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வார இறுதியில் பாட்டு, வீணை, மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் ஏராளம். எந்தக் கருவியையும் வாசிக்கலாம், எந்த மரபையும் பாடலாம் என்று விதி சொல்கிறது. சுரத்தாள் இல்லாத இசை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவையோ எழுத்து விளக்கத்தையோ கூடவே அனுப்பினால் போதும். மனோதர்மத்துக்கும் இடம் உண்டு. தாளில் இவ்வளவு தாராளம், நடைமுறையில் சிரமம். ஒரு கல்யாணி ஆலாபனையின் கடினம் எந்தக் கிரேடு? பைரவி அட தாள வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடுவது ஏழா, எட்டா, அதற்கும் மேலா? மேற்கத்திய கருவிகளுக்குப் பாட்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. நம் இசைக்கு ஆசிரியர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியருக்கோ கமகம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே பாட்டு சொல்லிக்கொடுக்கும் நம் குருமார்கள் பிள்ளையின் பள்ளி ஆசிரியரை நேரில் பார்த்து, இந்த உருப்படியில் எது கடினம், ஏன் கடினம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது நல்லது. பிள்ளையின் உழைப்பு கணக்கில் வர அது உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது பகுதி. ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக இசை இயற்றியாக வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. எடெக்செல்லில் இரண்டு படைப்பு, மொத்தம் ஆறு நிமிடமாவது வர வேண்டும். ஒன்று சுதந்திரமாகவோ வாரியம் தரும் குறிப்புக்கு ஏற்பவோ எழுதுவது. மற்றது நுட்பத்தைச் சோதிப்பது. அதில் பாஹ் பாணிக் கோரால், இருகுரல் எதிரிசை, இசைக்கோவை மாற்றம், ரீமிக்ஸ் என நான்கு வழிகள் உண்டு, ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

கோரால் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அது தேவாலயத்தில் சபையே சேர்ந்து பாடும் எளிய மெட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் யோஹான் செபாஸ்டியன் பாஹ் இத்தகைய மெட்டுகளுக்குக் கீழே மூன்று குரல்களைச் சேர்த்து எழுதிவைத்தார். அவற்றில் 371 உள்ள ஒரு தொகுப்புதான் இன்றைக்கும் மாணவர்களின் பாலபாடம். தேர்வில் மேல்குரலின் மெட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கீழே ஆல்டோ, டெனர், பேஸ் மூன்றையும் மாணவர் எழுதி முடிக்க வேண்டும். ஆறு மணி நேரம், கண்காணிப்பில், பல அமர்வுகளாக எழுதலாம். அனுபவப்பட்ட ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தை முடிவு செய். அங்கிருந்து பின்னோக்கி வந்து பேஸ் குரலை எழுது. நடுக் குரல்கள் கடைசியில். பெரிய விலக்கு ஒன்றும் உண்டு. இரண்டு குரல்கள் ச–ப தூரத்தில் நிற்கும்போது, அதே தூரத்தோடு சேர்ந்து நகர்ந்து ரி–த என்று போய்விடக்கூடாது. போனால் இரண்டு குரல் ஒரு குரல்போல ஆகிவிடும், நான்கு பேர் பாடுகிறார்கள் என்ற உணர்வு செத்துவிடும். இந்த ஒரு விலக்குக்காகப் பிள்ளைகள் அழித்து அழித்து எழுதும் மணிக்கணக்கு, இசை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுகிறது. பாஹ் வாழ்க்கை வரலாற்றைப் பத்துப் பக்கம் மனப்பாடம் செய்தாலும் அது கிடைக்காது.

மூன்றாவது பகுதிதான் எழுத்துத் தேர்வு. ஆனால் இதிலும் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். சில இசைத் துணுக்குகளைக் கேட்டு, விடுபட்ட சுரங்களையும் தாள அளவுகளையும் தாளில் நிரப்ப வேண்டும். பாடமாக வைத்த படைப்புகளிலிருந்தும் கேள்விகள் வரும். இதற்கு முன் கேட்டேயிராத ஒன்றைப் போட்டு அதைப் பற்றியும் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எடெக்செல் பட்டியலில் ஹிட்ச்காக்கின் 1960 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசை இருந்தது. குளியலறைக் கொலைக் காட்சியில் வயலின்கள் கீச்சிடுகின்றன என்று எழுதினால் மதிப்பெண் சொற்பம். படம் முழுக்கத் தந்திக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டார், இந்த இடத்தில் மெட்டையே எடுத்துவிட்டார், உச்ச ஸ்தாயியில் இணக்கமில்லாத சுரங்களைத் திரும்பத் திரும்ப அறையவிட்டார், அதனால்தான் கத்தி நம் மேல் படுவதுபோல் இருக்கிறது என்று காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் ஏறும்.

இந்த வேறுபாடு தேர்வின் கணக்கிலேயே பதிந்திருக்கிறது. மொத்தம் நூற்றில், இசையைப் பற்றிய வெறும் அறிவுக்கும் புரிதலுக்கும் 10. கேட்டு ஆராய்ந்து தன் முடிவைச் சொல்லும் திறனுக்கு 30. தகவல் ஒரு பங்கு, தீர்ப்பு மூன்று பங்கு. எத்தனையோ பாடத்திட்டங்களின் முன்னுரைகளில் சிந்தனைத் திறன் என்ற சொல் வரும். அதை மதிப்பெண்ணாக மாற்றிக் காட்டியது இந்தத் தேர்வு.

அந்தப் பாடப் பட்டியலும் ஒரு நாளில் சரியாகிவிடவில்லை. 2015-ல் லண்டன் மாணவி ஒருவர், தன் எடெக்செல் பாடத்தில் இருந்த 63 படைப்புகளில் ஒன்றுகூட ஒரு பெண் இயற்றியதில்லை என்று எண்ணிப் பார்த்து இணையத்தில் மனுப் போட்டார். அவருக்கு அப்போது 17 வயது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர், வாரியம் இறங்கிவந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய பாடத்திட்டத்தின் 18 படைப்புகளில் கிளாரா ஷூமான், ரேச்சல் போர்ட்மன், கேட் புஷ், காயா சாரியஹோ ஆகியோரோடு நம் அனுஷ்கா சங்கரும் இடம்பிடித்தார். அவர் சிதாரை ஏக்யூஏ வாரியமும் பாடமாக வைத்தது. கேட்டு ஆராய்ந்து தன் முடிவைச் சொல் என்று கற்றுக்கொடுத்த பாடத்தையே ஒரு மாணவி அப்படி ஆராய்ந்து திருத்த வைத்தார்.

தேர்வாளர்களுக்குள் கைக்குக் கை மார்க் மாறாதா என்று கேட்கலாம். மாறும். அதனால்தான் திருத்தத் தொடங்கும் முன் எல்லாரும் ஒரே மாதிரிப் பதிவுகளைக் கேட்டு, தலைமைத் தேர்வாளர் போட்ட மதிப்பெண்ணோடு ஒத்துப் பார்க்கிறார்கள். விலகி நிற்பவர் கையைத் திருத்திக்கொண்ட பிறகே பதிவுகள் அவருக்கு வரும். எழுத்துத் தேர்வு விஷயத்தில், பல நாடுகளில் நடக்கும் ஐபி பாடத்திட்டம் வேறு வழியில் போனது. 2022-ல் முதல் தேர்வு கண்ட அதன் புதிய இசைப் பாடத்தில் எழுத்துத் தேர்வே இல்லை. ஆய்ந்தது, முயன்று பார்த்தது, அரங்கேற்றியது எல்லாவற்றையும் தொகுத்து அனுப்ப வேண்டும். அதுவும் நல்ல முயற்சிதான். ஆனால் முன்பின் கேட்டிராத இசையை அந்த இடத்திலேயே கேட்டு எழுதும் சோதனை அதில் போய்விட்டது எனக்கு நஷ்டமாகத்தான் படுகிறது.

நம் ஊரில் சிபிஎஸ்இ பிளஸ் டூவில் கர்நாடக இசை வாய்ப்பாட்டு ஒரு பாடம். அதில் செய்முறைக்கு 70, எழுத்துக்கு 30. பாடுவதற்கே முதலிடம் என்ற அந்த விகிதம் மெச்சத்தக்கது. வர்ணம், கிருதி, ராக லட்சணம் எல்லாம் உண்டு. ஆனால் புதிதாக நீயே ஒன்றை இயற்றிக் கொண்டு வா என்று பிள்ளையிடம் கேட்கும் பகுதி அதில் இல்லை. மும்மூர்த்திகள் இயற்றினார்கள், நாம் பாடுகிறோம் என்பதோடு பாடம் நின்றுவிடுகிறது.

நமக்குக் கோரால் வேண்டாம், நம்மிடம் கிருதியோடு பாடும் சுரக்கோவையான சிட்டைசுரம் இருக்கிறது. படித்த ஒரு கிருதிக்கு, ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒரு சிட்டைசுரத்தைப் பிள்ளை சொந்தமாகக் கட்டி, சுரப்படுத்தி எழுதி, பாடிக் காட்டட்டும். ராகம் கலங்காமல் நிற்கிறதா, முத்தாய்ப்பு எடுப்புக்குச் சரியாக வந்து சேர்கிறதா, கிருதியின் சாயலோடு ஒட்டுகிறதா என்று எந்தத் தேர்வாளரும் மூன்று வரியில் அளவுகோல் எழுதிவிடலாம். கூடுதல் கருவியோ கட்டடமோ தேவையில்லை. அடுத்த முறை பாடத்திட்டம் திருத்த உட்காரும் குழுவினர் அந்த 70-ல் பத்து மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.