பெயர் எழுதாத தாள்

வடசேரியிலே கோயில் நகை செய்யும் பட்டறை ஒன்று. பரதம் ஆடும் நங்கையர் நெற்றியிலே மின்னுகிற சுட்டிக்குக் கெம்புக்கல் பதித்துக்கொண்டிருக்கிறார் ஒரு தொழிலாளி. நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, நாடெங்கும் பேர்! அங்கே கையிலே தாளுடன் ஒருவர் நுழைவதாக வைத்துக்கொள்வோம்.

"அண்ணாச்சி, கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு?"

"பேரு எழுதுவீங்களா?"

"வேண்டாம், வேண்டாம். தெரு, தொழில், வயது போதும்."

அண்ணாச்சி சிரிக்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார்? அந்தத் தெருவிலே, அந்தத் தொழிலிலே, அந்த வயதுக்காரர் அவர் ஒருவர்தானே! தாள் நாளைக்கு முதலாளி மேசைக்குப் போனால், சொன்னவர் யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணரா வேண்டும்? ஆகவே, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அந்தப் பொய் புள்ளிவிவரமாகிறது. அதைக் காட்டியே, 'குறை ஏதுமில்லை' என்று கோப்பை மூடுகிறார்கள்.

கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, அஞ்சல் எண், இந்த மூன்றும் கிடைத்தால் அமெரிக்கர்களில் 100-க்கு 87 பேரைத் தனித்துக் கண்டுகொள்ளலாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார் லட்டானியா ஸ்வீனி என்ற ஆய்வாளர். அதற்கும் முன்பு, 1942-ல், ஜப்பானிய வம்சத்தாரை முகாம்களில் அடைக்க அதே நாட்டின் மக்கள் கணக்கு துணைபோயிற்று. எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே போதுமானதாயிருந்தது வளைத்துப் பிடிக்க!

அப்படியானால் அடையாளமே இல்லாமல் பெட்டியிலே போடச் சொல்லலாமே என்பார் உண்டு. போடலாம். ஆனால் முதலாளியின் ஆள் ஒருவனே பத்துத் தாள் போட்டால் தடுப்பது யார்? அடுத்த ஆண்டு கூலி உயர்ந்ததா என்று யாரிடம் போய்க் கேட்பது? பெயர் ஒரு ஏட்டிலே, பதில் வேறு ஏட்டிலே, இரண்டையும் இணைக்கும் எண் மூன்றாவது கையிலே. வேலை முடிந்ததும் அந்த எண்ணை அழித்துவிடவேண்டும். நாலைந்து பேர் மட்டுமே உள்ள தெருவைத் தனியே அச்சிடாமல் வட்டாரத்தோடு சேர்க்கவேண்டும். கேள்வியைப் பட்டறையிலே கேட்காமல் வீட்டுத் திண்ணையிலே கேட்கவேண்டும். இதுவே நாம் கேட்கும் ஏற்பாடு.

2027 மக்கள் கணக்கெடுப்பிலே சாதியும் கேட்கப்படும் என 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. 1931-க்குப் பிறகு அந்தக் கணக்கிலே எல்லாச் சாதிகளையும் எண்ணியதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனியொருவர் தந்த விவரத்தைப் பிறர் பார்க்கவோ, வழக்கிலே சான்றாக்கவோ இடம் தராது. அச்சமின்றி உள்ளதைச் சொல்லலாம்.

ஆனால், கட்சிக்காரர்களாகிய நாம் வீடு வீடாக எடுக்கிறோமே ஒரு கணக்கு, இவர் நமக்கு, இவர் அவர்களுக்கு என்று? அதற்கு அந்தச் சட்டக் காவல் கிடையாது. கனகமூலம் சந்தையருகே டீக்கடைப் பலகையில் அப்படியொரு நோட்டு விரிந்து கிடந்ததை நாமே கண்டோம். எடுத்தவர் வடை வாங்கப் போயிருந்தார். பக்கத்திலே உட்கார்ந்திருந்தவர் மாற்றுக்கட்சிக்காரர். நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.